ஹாரி மகன் முனை

சின்ன வயதில் சென்னையில் பிராட்வே போகும் பஸ்ஸில் கண்டக்டர் "பாரீஸ், பாரீஸ்" என்று கத்தும்போது, அது ஐஃபல் கோபுரம் இருக்கிற ஊர்தான் என்று கொஞ்ச நாள் நம்பியிருந்தேன். அப்புறம் தமிழ் வாத்தியார் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் பற்றிப் பாடம் நடத்தினார். சரி, வள்ளல் பெயரைத்தான் பாரிமுனைக்கு வைத்திருக்கிறார்கள் என்று மாற்றிக்கொண்டேன். இரண்டும் இல்லை, தாமஸ் பாரி என்ற வியாபாரியின் பெயர் அது என்று தெரிந்தபோது கல்லூரியே முடிந்துவிட்டது. அந்தப் பாரிக்குள் ஒரு ஹாரி ஒளிந்திருக்கிறார் என்று தெரிவதற்கு நான் வேல்ஸுக்கு வேலைக்கு வந்து, யாரோ ஒரு ஜோன்ஸின் பார்சலை வேறு ஒரு ஜோன்ஸ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

நான் இருப்பது ரெக்ஸம். வேல்ஸின் வடகிழக்கு மூலை. ஹாலிவுட் நடிகர்கள் இருவர் விலைக்கு வாங்கிய கால்பந்து அணியின் ஊர் என்றால் சிலருக்கு ஞாபகம் வரும். எங்கள் சின்னத் தெருவில் மட்டும் நான்கு ஜோன்ஸ் வீடுகள். வந்த புதிதில் பார்சல்காரர், "ஜோன்ஸ் வீட்டில் ஆள் இல்லை, வாங்கி வைக்கிறீர்களா?" என்று நீட்ட, நானும் நல்ல பிள்ளையாக வாங்கிவைத்து, மாலையில் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அது எதிர்வரிசை ஜோன்ஸுடையது. பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன், அவரும் பழகிவிட்டார். "இங்கே ஜோன்ஸ் என்பது பெயர் இல்லை, கூட்டம்" என்று சிரித்தார். பேச்சோடு பேச்சாக, "கல்யாணத்துக்கு முன்னால் நான் பாரி" என்றார். எங்கள் ஊரில் உங்கள் பெயரில் ஒரு முனையே இருக்கிறது என்றேன். அன்று இரண்டு பேருடைய தேநீரும் ஆறிப்போனது.

வெல்ஷ் மொழியில் 'மாப்' என்றால் மகன். இரண்டு பெயர்களுக்கு நடுவே வரும்போது முன்னால் இருக்கும் ம உதிர்ந்து 'அப்' ஆகிவிடும். ரீஸ் அப் ஹவெல் என்றால் ஹவெலின் மகன் ரீஸ். இப்போது அப் ஹாரி என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அப்ஹாரி, பாரி. அகரமும் போய், மிஞ்சிய 'ப்' அடுத்த பெயரின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்படித்தான் அப் ரீஸ் பிரைஸ் ஆனார். அப் ஹவெல் பவல் ஆனார். அப் ஹியூ பியூ, அப் ராபர்ட் புரோபர்ட், அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட். உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு முன்னால் அந்த 'ப்' கொஞ்சம் மெலியும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால், பாட்டியின் ப, பஸ்ஸின் ப என்று காதால்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். பஸ் வகையில் ஒவைனின் மகன் போவன், ஈவனின் மகன் பெவன். பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவையை 1948இல் தொடங்கிவைத்த அமைச்சர் அன்யூரின் பெவன், ட்ரெடெகர் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். அவர் பெயரின் முதல் எழுத்தும் பழைய மகன்தான்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பெயர்களுக்கு முன்னால் வரும் 'மக்' இதே சொல். பழைய கெல்ட் மொழியில் 'க்வ' என்று ஒலித்தது அங்கே க ஆகவும் இங்கே ப ஆகவும் பிரிந்துபோனது. மக் என்றால் மகன், அப் என்றால் அப்பா என்று யாராவது இந்நேரம் உற்சாகமாகக் கிளம்பியிருந்தால் தயவுசெய்து உட்காருங்கள். இரண்டும் தற்செயல். அதிலும் 'அப்' அப்பாவே இல்லை, பிள்ளை. மகளாக இருந்தால் 'வெர்ஹ்'. நெஸ்ட் வெர்ஹ் ரீஸ் என்றால் ரீஸின் மகள் நெஸ்ட். தென்வேல்ஸின் இளவரசி அவர். கல்யாணம் ஆனாலும் அந்தக் காலத்து வெல்ஷ் பெண் புருஷன் பெயருக்கு மாறவில்லை, அப்பாவின் மகளாகவே கடைசிவரை இருந்தாள். கிராமங்களில் இந்த வழக்கம் வெகுநாள் நீடித்தது. டீச்சருக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. இருநூறு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் பாரியாகவே இருந்திருப்பேன் என்பார்.

எனக்கு இதெல்லாம் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'க' என் அப்பா. அப்பாவை ஓர் எழுத்தாகச் சுருக்கிப் பெயருக்கு முன்னால் நிறுத்துவது நமக்குப் புதிதா என்ன? ஒரே வித்தியாசம், நம் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்களுடையது ஒரு கட்டத்தில் உறைந்துவிட்டது.

உறைவதற்கு முன்னால் அது ஒரு எழுத்தாகவும் இல்லை, நீண்ட சங்கிலியாக இருந்தது. நெஸ்டின் பேரன் ஜெரால்டு என்ற பாதிரியார் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்திருக்கிறார்: இந்த நாட்டில் சாதாரணக் குடியானவனும் தன் முன்னோர் பெயர்களை ஆறு ஏழு தலைமுறைக்குக் குறையாமல் ஒப்பிப்பான் என்று. வெறும் பெருமைக்காக இல்லை. பழைய வெல்ஷ் சட்டப்படி நிலம் மகன்களுக்குள் பங்கு பிரிந்தது. ஒருவன் கொலை செய்துவிட்டால், இறந்தவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகையில் அவனுடைய தூரத்துச் சொந்தங்கள் வரைக்கும் பங்கு உண்டு. ஆகவே யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரிந்தே ஆகவேண்டும். பெயரே பட்டா, பெயரே வாரிசுச் சான்றிதழ்.

ஆங்கிலேயர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. வெல்ஷ்காரர்களின் பாற்கட்டி மோகத்தையும் வம்சாவளி மோகத்தையும் சேர்த்துக் கிண்டலடித்து ஒரு பழைய செய்யுள் வரி உண்டு. பாற்கட்டியின் குலமுறை கிளத்துகிறது அது: அப் தயிர், அப் பால், அப் பசு, அப் புல், அப் மண். கிண்டல் என்றாலும் அதைவிட நேர்த்தியான பாற்கட்டி வரலாற்றை நான் படித்ததில்லை.

1536இலும் 1543இலும் எட்டாம் ஹென்றி கொண்டுவந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்தன. நீதிமன்ற மொழி ஆங்கிலம் ஆனது. ஆங்கிலேய எழுத்தர்களுக்கு முன்னால் ஆறு 'அப்' உள்ள பெயரோடு போய் நின்றால் என்ன ஆகும்? ரோலண்டு லீ என்ற பிஷப் எல்லைப்புற நிர்வாக சபைக்குத் தலைவராக இருந்தார். ஜூரிகளின் பெயரைக் கூப்பிடக் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிவில்லாத அப்களில் பொறுமையிழந்து, இனி ஆளுக்கு ஒரே பெயர், கடைசிப் பெயரோ ஊர்ப் பெயரோ எதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டாராம். தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவெல் என்று நீண்டுகொண்டே போன ஒருவர் அன்றைக்குத் தன் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு தாமஸ் மோஸ்டின் ஆனார் என்பது கதை. உத்தரவு நிஜமோ இல்லையோ, பெரிய குடும்பங்கள் அந்த நூற்றாண்டில்தான் மாறத் தொடங்கின. ஏழைகள் அவசரப்படவில்லை. மலைப்பக்கக் கிராமங்களில் 18ஆம் நூற்றாண்டு முடிந்த பிறகும் ஜான் மகன் வில்லியம், வில்லியம் மகன் தாமஸ் என்று பெயர் நகர்ந்துகொண்டே இருந்தது.

எட்டாம் ஹென்றி இதைச் செய்தது பெரிய வேடிக்கை. அவரே இந்தக் குழப்பத்தில் விளைந்தவர். அவருடைய கொள்ளுத் தாத்தா ஒவைன் அப் மரெதித் அப் டிடிர். ஆங்கிலேய அரண்மனையில் வேலைக்குப் போன இடத்தில் அப்பா பெயரான மரெதித் ஒட்டவில்லை, தாத்தா பெயரான டிடிர் ஒட்டிக்கொண்டது. டிடிர்தான் டியூடர். எழுத்தர் ஒரு தலைமுறை முன்னால் நிறுத்தியிருந்தால் இங்கிலாந்தின் அந்த அரச பரம்பரையை நாம் மெரெடித் வம்சம் என்று படித்திருப்போம்.

உறைந்துபோவது என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆங்கிள்ஸி தீவில் இருக்கிறது. ஷோன் ஷோர், அதாவது ஜார்ஜ் மகன் ஜான், என்று ஒரு விவசாயி. அவர் மகன் வில்லியம் 1675இல் பிறந்தார். ஜான் மகன் என்பதால் வில்லியம் ஜோன்ஸ். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்குப் பை என்ற கிரேக்க எழுத்தை 1706இல் முதலில் பயன்படுத்தியவர் இவர்தான். லண்டனில் குடியேறிவிட்ட அவருக்கு ஒரு மகன் பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் வில்லியம் என்றே பெயர் வைத்தார்கள். பழைய முறைப்படி அந்தப் பிள்ளை வில்லியம் வில்லியம்ஸ் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, சர் வில்லியம் ஜோன்ஸ் ஆனார். 1786இல் கல்கத்தாவில் நின்று சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்ன அதே ஜோன்ஸ். கெல்ட் மொழிகளையும் அந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம் என்று அதே பேச்சில் சொன்னார். தாத்தாவின் பெயரைச் சுமந்தபடி மொழிகளுக்கு அப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஜோன்ஸ் என்ற பெயரை எழுத வேண்டிய ஜே என்ற எழுத்தே பழைய வெல்ஷ் நெடுங்கணக்கில் கிடையாது. ஜாம், கராஜ் மாதிரி இரவல் சொற்களுக்காகப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். யேயன், ஈவன், ஷோன் எல்லாமே ஜானின் வெல்ஷ் உருவங்கள்தான். கோயில் பதிவேட்டில் எழுதியவர்கள் எல்லாரையும் ஜான் என்றே எழுதினார்கள். குடும்பப் பெயர் உறைந்த காலத்தில் புழக்கத்தில் இருந்த ஆண் பெயர்களும் ரொம்பக் கொஞ்சம்: ஜான், டேவிட், வில்லியம், தாமஸ், ஈவன். அதன் வாலில் ஆங்கிலத்து 'உடைய'வான ஸ் ஒட்டியதும் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், ஈவன்ஸ். உலகமே வெல்ஷ் பெயர் என்று நினைக்கும் பெயரில் வெல்ஷ் எதுவுமே இல்லை. இன்றைக்கும் வேல்ஸில் நூறு பேரில் ஐந்தாறு பேர் ஜோன்ஸ். 2006 நவம்பரில் கார்டிஃப் நகரில் 1,224 ஜோன்ஸ்கள் ஓர் அரங்கில் கூடி, ஒரே குடும்பப் பெயருள்ளவர்களின் பெரிய கூட்டம் என்று உலக சாதனை படைத்தார்கள். அடுத்த வருஷமே அயர்லாந்தின் கல்லகர்கள் அதை முறியடித்துவிட்டார்கள் என்பதை டீச்சர் இன்னும் மன்னிக்கவில்லை.

இத்தனை ஜோன்ஸ்களை வைத்துக்கொண்டு ஊர் எப்படி நடக்கும்? பட்டப்பெயரால்தான். பால்கார ஜோன்ஸ், தபால்கார ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்ப்பார்கள். கிராமமாக இருந்தால் பண்ணை வீட்டின் பெயர் சேரும். கல்லறைக் கல்லில்கூடப் பண்ணைப் பெயரைப் பொறித்துவிடுகிறார்கள், அங்கேயும் ஆள் மாறிவிடக் கூடாதே. ராணுவத்தில் படை எண்ணைச் சேர்த்தார்கள். 1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் விக்டோரியா சிலுவை என்ற வீர விருது வாங்கியவர்களில் இரண்டு ஜோன்ஸ் உண்டு: 716 ராபர்ட், 593 வில்லியம். வாயில் நடுப்பல் ஒன்று மட்டும் மிஞ்சிய ஒரு டேவிட்டுக்கு, செல்லமாக டைக்கு, சென்ட்ரல் ஹீட்டிங்கை மாற்றி, 'டை சென்ட்ரல் ஈட்டிங்' என்று பெயர் வைத்த கதையை வேல்ஸ் முழுக்கச் சொல்வார்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் என்பார்கள்.

பட்டப்பெயர் பழைய காலத்திலும் இருந்ததுதான். அவற்றில் சில குடும்பப் பெயராகவே தங்கிவிட்டன. 'ல்லுயிட்' என்றால் நரை, சாம்பல் நிறம். அந்த முதல் ஒலியைச் சொல்ல ஒரு வழி: ல சொல்ல நாக்கை எப்படி வைப்போமோ அப்படி வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் ஓரமாகக் காற்றை ஊதுங்கள். ஆங்கிலேயருக்கு அது வரவில்லை. சிலர் லாய்ட் என்றார்கள், சிலர் ஃபிளாய்ட் என்றார்கள். ராயப்பேட்டைக்காரர்கள் லாய்ட்ஸ் ரோடு என்று இன்னமும் வாய்தவறிச் சொல்லும் அவ்வை சண்முகம் சாலையின் பழைய பெயரில் இருப்பது இந்த நரைதான். 'பஹன்' என்றால் சின்ன. பெயருக்குப் பின்னால் வந்தால் முதலெழுத்து இளகி 'வஹன்' ஆகும். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் என்றால் பிள்ளை வஹன், அதாவது சின்னவர். அதுதான் ஆங்கிலத்தில் வான் ஆனது. 2005 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்தின் கேப்டனாக இருந்த மைக்கேல் வானின் குடும்பப் பெயரை அப்படியே தமிழாக்கினால் சின்னவர்.

ஊர்ப் பெயர் குடும்பப் பெயரானதற்கு நான் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. ரெக்ஸத்தின் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்கு வெளியே, கோபுரத்தடியில் எலிஹு யேலின் கல்லறை இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணம் போய், ஆசியாவில் கல்யாணம் செய்து, லண்டனில் செத்தவர் என்று கல்லில் எதுகையோடு வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கல்யாணம் என்பது நம் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில், 1680இல். 1687 முதல் சென்னையின் கவர்னர். சொந்தக் கணக்கில் பணம் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டில் 1692இல் பதவி போனது. அடிமை வணிகத்திலும் அவர் நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு. அப்புறம் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் புத்தகங்களும் அனுப்ப, 1718இல் அது யேல் ஆனது. அந்தப் பெயர் ரெக்ஸத்துக்கு மேற்கே உள்ள 'யால்' என்ற சிறு நாட்டின் பெயர். வளமான மேட்டு நிலம் என்று பொருள். குழந்தையிலேயே இறந்துபோன அவர் மகனின் கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், பாரிமுனைக்கு எதிர்ப்பக்கம். ஒரு பெயருக்குள் மேடு, ஒரு பெயருக்குள் மகன், நடுவில் என்.எஸ்.சி. போஸ் சாலை.

முதற்பெயர்களுக்கு வந்தால் டீச்சரை நிறுத்த முடியாது. அவர் முதலில் திட்டுவது பெயர்ப் பொருள் சொல்லும் இணையதளங்களை. மெகன் என்றால் முத்து என்று எல்லாத் தளத்திலும் இருக்கும். அது மார்கரெட் என்ற கிரேக்கப் பெயரின் பொருள்; வெல்ஷ்காரர்கள் அதை மெக் என்று சுருக்கி, வாலில் ஓர் 'அன்' சேர்த்துக் கொஞ்சினார்கள், அவ்வளவுதான். ஷான், ஷோன் இரண்டும் எபிரேயத்திலிருந்து வந்தவை. எம்ரிஸ் என்று கேட்கவே மலைக்காற்று மாதிரி இருக்கும். அது ரோமானிய அம்புரோசியஸ். ரோமானியர்கள் போய் ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகிறது, பாலா ஊரின் பெரிய ஏரி இன்னும் டெகிட் என்ற பெயரில் ஒரு டாசிட்டஸை வைத்திருக்கிறது.

உள்ளூர்ச் சரக்கு வேறு. அங்ஹாரட் என்றால் மிகவும் நேசிக்கப்பட்டவள். ரியானன் பழைய கெல்ட் தெய்வத்தின் பெயர், பேரரசி. கட்வாலடர் என்றால் போர்த் தலைவன். எங்கள் தெருக் குழந்தைகளில் ஒருத்தி செரென், நட்சத்திரம். ஒருத்தி ஃபியோன், நரிக்கையுறைப் பூ. ஊருக்குப் பக்கத்தில் ஓடும் ஆலின் ஆற்றின் பெயரில் ஆண் பிள்ளைகள் உண்டு. காவிரி, வைகை என்று நாம் வைப்பதுபோல. டிலன் கடலோடு சம்பந்தப்பட்ட பெயர். பழங்கதையில் பிறந்தவுடன் கடலில் இறங்கி மீனாக நீந்திய பிள்ளை அவன். வெல்ஷில் அது 'டலன்' என்று ஒலிக்கும். 1914இல் ஸ்வான்ஸியில் கவிஞர் டிலன் தாமஸ் பிறந்தபோது, பள்ளிக்கூடத்தில் 'டல்' என்று கேலி செய்வார்களே என்று அவர் அம்மா கவலைப்பட்டாராம்.

எனக்கு மிகவும் பிடித்தது க்வின் என்ற சொல். வெள்ளை என்று அர்த்தம். தூய, ஆசி பெற்ற என்றும் அர்த்தம். பெண்ணுக்கு க்வென். ஓல் என்றால் தடம். ஓல்வென் நடந்த இடமெல்லாம் நான்கு வெள்ளைத் தீவனப் பூக்கள் முளைத்தன என்று கதை. வெண்தடத்தாள் என்று ஒரு பெண்ணைக் கூப்பிட முடிந்த மொழி. ஆர்தர் அரசனின் மனைவி க்வென்ஹுய்வரும் இந்த வெள்ளைக்காரிதான்; கார்ன்வாலில் அவள் ஜெனிஃபர் ஆகி, அங்கிருந்து உலகம் முழுக்கப் போய்விட்டாள். இன்னொரு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும்போது இந்தக் க்வின்னின் முதலெழுத்து காணாமல் போய் 'வின்' ஆகும்.

அந்த வின்னுக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்களை டிராஸ்வனித் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 'அர் அஸ்கூர்ன்' என்ற பண்ணை வீடு. எல்லிஸ் ஹம்ஃப்ரி ஈவன்ஸ் என்று ஒரு மேய்ப்பர் அங்கே வாழ்ந்தார். நாட்டில் எத்தனையோ ஈவன்ஸ். கவிதை எழுதுகிறவருக்குத் தனிப்பெயர் வேண்டும். ஹெத் வின் என்று வைத்தார்கள். வெண்ணிற அமைதி. மூடுபனி வழியே பள்ளத்தாக்கில் இறங்கும் வெயிலை நினைத்து வைத்த பெயராம். 1917 தேசியக் கவிதைத் திருவிழாவுக்கு அவர் ஒரு நெடுங்கவிதை அனுப்பினார். போட்டிக்கு வேறு புனைபெயர் வைக்க வேண்டும் என்பது விதி. செப்டம்பரில், பிர்க்கன்ஹெட்டில், எக்காளம் ஊதி வெற்றிபெற்றவரின் புனைபெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் கூட்டத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜூலை 31ஆம் தேதி பெல்ஜியத்துப் போர்க்களத்தில் அவர் இறந்துவிட்டிருந்தார். வெற்றிபெற்றவருக்குப் பரிசாக வைத்திருந்த நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அந்த நாற்காலி பண்ணை வீட்டில்தான் இருக்கிறது. டீச்சர் அதன் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் காரில், இப்போது பழையபடி அப் வைத்துக்கொள்ளும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள் என்றார். 2023இல் வேல்ஸின் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியின் தலைவரானவர் ருன் அப் யோர்வெர்த். அப்பா, பிள்ளை, பேரன் மூன்று பேருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருந்தால் அலுவலகங்களில் படுத்துவார்களே என்று கேட்டேன். எனக்கு அந்த அனுபவம் உண்டு. இங்கே வந்த முதல் மாதம் ஓர் அலுவலகத்தில், அப்பாவின் பெயர் என்னுடைய குடும்பப் பெயராகி, எல்லாக் கடிதமும் அவருக்கே வந்தது. நானே இரண்டு தடவை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படுத்தத்தான் செய்வார்கள், படுத்தட்டுமே என்றார் டீச்சர்.

போன தை மாதம் சென்னை வந்திருந்தபோது வேலை எதுவும் இல்லாமலே பிராட்வே பஸ்ஸில் ஏறினேன். தாமஸ் பாரி வெல்ஷ்பூல் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தவர். 1788இல் இங்கே கடை திறந்தார், 1824இல் காலராவில் போனார், கடலூரில் புதைத்தார்கள். அவருக்கு எத்தனையோ தலைமுறை முன்னால் யாரோ ஒரு ஹாரியிடம் உறைந்துபோன பெயர். அதன் தலையில் ப் என்று வெல்ஷ் மகன், வாலில் ஸ் என்று ஆங்கில உடைமை. கோட்டை ஸ்டேஷன் தாண்டியதும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"பாரீஸ்லாம் முன்னாடி வா, பாரீஸ், பாரீஸ்..."